நம்மைக் கணக்கில் சேர்ப்பது எது?

வெளிமாநிலத்தில் நடக்கும் தமிழ்ச் சங்க ஆண்டு விழா என்றால் மூன்று சம்பிரதாயங்கள் தவறாமல் இருக்கும். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. அடுத்து பொன்னாடை. மூன்றாவதாக, பிரதம விருந்தினராக வந்திருக்கும் அரசியல் பிரமுகர் மைக்கைப் பிடித்து, "தமிழர்கள் இந்த நகரத்தில் எ ஃபோர்ஸ் டு பி ரெகன்ட் வித்" என்று சொல்வது. சொன்ன மாத்திரத்தில் அரங்கம் அதிரும். முன்வரிசைப் பெரியவர்கள் தலையை ஆட்டுவார்கள். பின்வரிசையில் விசில்கூடக் கேட்கும். பிரமுகர் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு அடுத்த சங்கத்துக்குப் புறப்படுவார். அங்கே குஜராத்திகளோ மலையாளிகளோ கூடியிருப்பார்கள். அவர்களும் அன்று மாலை ஒரு 'ஃபோர்ஸ்' ஆகிவிடுவார்கள்.

மும்பையில் பிறந்து வளர்ந்து, இங்கேயே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாக்கியத்தை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வைத்தவள் எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண். பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்காக வந்து கேட்டாள்: "தாத்தா, ஃபோர்ஸ் டு பி ரெகன்ட் வித்னா புகழறதா, இல்ல எச்சரிக்கை பண்றதா? ரெஸ்பெக்ட் பண்றவங்களப் பத்திச் சொல்றதா, பயப்படறவங்களப் பத்திச் சொல்றதா?"

நல்ல கேள்வி. அகராதி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எதிரணியின் நல்ல பந்து வீச்சாளரையும் அப்படிச் சொல்லலாம். தெருவைக் கைக்குள் வைத்திருக்கும் ரவுடியையும் சொல்லலாம். புயலைக்கூடச் சொல்லலாம். அலட்சியம் செய்தால் நஷ்டம் உங்களுக்கு என்பதே பொதுவான பொருள். எதனால் அலட்சியம் செய்யக்கூடாது என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. திறமையாக இருக்கலாம், நாணயமாக இருக்கலாம், கையில் இருக்கும் கத்தியாகவும் இருக்கலாம்.

நம்முடைய பத்திரிகைகள் இதை "தவிர்க்க முடியாத சக்தி" என்று எழுதிப் பழகிவிட்டன. எனக்கு அந்த மொழிபெயர்ப்பில் சம்மதம் இல்லை. தவிர்க்க முடியாதது என்றால், முடிந்தால் தவிர்த்திருப்பார்கள் என்று ஆகிறது. ஜூலை மாத மழையையும், மாலை ஆறு மணிக்கு தாதர் ரயில் நிலையத்தின் கூட்டத்தையும் அப்படிச் சொல்லலாம். ஒரு சமூகத்தை வாழ்த்த அதைச் சொல்லலாமா?

மூலச் சொல்லைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 'ரெகன்' என்பது பழைய ஆங்கிலத்தில் விவரித்துச் சொல்வதைக் குறித்தது. பிறகு எண்ணுவது, கணக்குப் பார்ப்பது என்ற பொருளுக்கு வந்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்றும் கணக்குப் போடுவதைத்தான் குறிக்கிறது. ஆகவே 'ரெகன்ட் வித்' என்றால், கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டிய ஒன்று. பயத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் பிறப்பில் சம்பந்தம் இல்லை.

தமிழிலும் இப்படித்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். 'எண்ணுதல்' என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது. மனத்தில் நினைப்பதும் அதே சொல். 'மதிப்பு' என்றால் விலை. மரியாதையும் அதே சொல். பள்ளிக்கூடத்தில் வாங்குவது மதிப்பெண். "நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழணும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் ஓர் எண்ணே உட்கார்ந்திருக்கிறது. நாலு பேர் நடுங்குகிற மாதிரி வாழணும் என்று எந்தப் பாட்டியும் பேரனுக்குச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. வள்ளுவர் அரசனுக்குச் சொல்லும் அதிகாரங்களில் 57-ஆவது 'வெருவந்த செய்யாமை'. பிறர் அஞ்சும்படி நடந்துகொள்ளாதே என்று, படையும் சிறையும் கையில் வைத்திருப்பவனுக்கே ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்.

மறுபக்கமும் ஒரு கட்சி உண்டு. இத்தாலியில் மாக்கியவெல்லி 1513-இல் எழுதி, அவர் இறந்த பிறகு 1532-இல் அச்சான 'இளவரசன்' நூலின் 17-ஆவது அத்தியாயம், ஆள்பவனை மக்கள் நேசிப்பது நல்லதா, அஞ்சுவது நல்லதா என்று கேட்கிறது. இரண்டும் சேர்ந்து வாய்க்காது என்றால் அச்சமே பாதுகாப்பு என்பது அவர் முடிவு. இதை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள், வெறுப்பைச் சம்பாதித்துக்கொள்ளாதே என்று அதே அத்தியாயத்தில் அவர் எச்சரிப்பதைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

நமக்கு இத்தாலி வரை போக வேண்டிய அவசியமில்லை. இந்த நகரத்துத் தமிழர்கள் அச்சத்தின் இரண்டு பக்கங்களையும் பார்த்தவர்கள்.

முதலில் நாம் அஞ்சிய காலம். 1960-களில் பம்பாயின் அலுவலகங்களில் டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்கர் வேலைகளில் தென்னிந்தியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 1960-இல் தொடங்கிய 'மார்மிக்' என்ற மராத்தி வாரப் பத்திரிகை, நிறுவனங்களில் வேலை செய்த மராட்டியர் அல்லாதவர்களின் பெயர்களை, குறிப்பாகத் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. அதன் ஆசிரியரான பால் தாக்கரே 1966 ஜூன் 19-இல் சிவசேனையைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தென்னிந்திய ஓட்டல்கள் தாக்கப்பட்டன. லுங்கி என்பது கேலிச் சொல்லானது. 'ரெகனிங்' என்ற சொல்லுக்குக் கணக்குத் தீர்ப்பது என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? அன்று நம்மை ஒருவர் எண்ணத்தான் செய்தார், வேறு நோக்கத்தோடு. என் தகப்பனார் அந்தக் காலத்தில் ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் படிக்கமாட்டார். நாலாக மடித்து டிபன் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரிப்பார்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் ஊரிலேயே வேலை கிடைக்கவில்லையே என்ற மராட்டிய இளைஞனின் ஏக்கம் பொய்யானது அல்ல. அந்த ஏக்கத்தை அச்சமூட்டுவதாக மாற்றியதைத்தான் ஏற்க முடியாது.

அடுத்து, நம்மவர் ஒருவரைக் கண்டு மற்றவர்கள் அஞ்சிய காலம். 1970-களிலும் 80-களின் முற்பகுதியிலும் வரதராஜ முதலியார் பெயரைச் சொன்னால் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கதவுகள் திறந்தன. கூலியாகத் தொடங்கி, கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் வளர்ந்தவர் அவர். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் நடத்திய கணபதிப் பந்தலைப் பார்க்க நகரமே வரும். 1987-இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' அவருடைய வாழ்க்கையின் சாயலில் எடுக்கப்பட்டது. ஏழைத் தமிழர்கள் பலர் அவரிடம் நியாயம் கேட்டுப் போனார்கள் என்பது உண்மை. போலீசும் நகராட்சியும் ஏழையைக் கணக்கில் எடுக்காத இடத்தில் அப்படி ஒருவர் முளைப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த அச்சத்தால் நமக்கு மிஞ்சியது என்ன? 80-களின் நடுவில் போலீஸ் நடவடிக்கை இறுகியதும் அவர் சென்னைக்குப் போய்விட்டார். 1988-இல் காலமானார். பந்தலின் பிரம்மாண்டமும் அவரோடு போயிற்று. பின்னால் அவர் பெயரில் பிழைத்த ஒரு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ நம் குழந்தைகளுக்குக் காட்டுவதற்கு இல்லை. மிஞ்சியது ஒரு முத்திரைதான். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் தாராவி விலாசம் எழுதிய தமிழ்ப் பையன் வேலைக்குப் போன இடத்தில் மேலும் கீழும் பார்க்கப்பட்டான். அச்சம் கொடுத்த மரியாதைக்குச் சந்தா கட்டியது அவன்தான்.

அதே நகரத்தில் வேறு வகையிலும் நாம் கணக்கில் சேர்ந்தோம். 1932-இல் சில தென்னிந்தியர்கள் கூடி மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எஸ்.ஐ.இ.எஸ். என்றால் இன்று எல்லா மொழிக் குடும்பங்களும் தங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறார்கள். அங்கே இடம் கேட்டு நிற்கும் மராட்டியத் தகப்பனாருக்கு நம்மிடம் பயம் எதுவும் கிடையாது. ரிசர்வ் வங்கியின் தலைமையகம் இருப்பது இங்கேதான். எஸ். ஜகந்நாதன், எஸ். வெங்கிடரமணன், சி. ரங்கராஜன், ரகுராம் ராஜன் என்று தமிழர்கள் அதன் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலை முதுகில் சுமந்தவர்களும் தமிழர்களே. விடியற்காலையில் அதே தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பி, நகரத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் விற்பவரைப் பார்த்து யாரும் நடுங்குவதில்லை. அவர் ஒரு நாள் வராவிட்டால் பத்துக் கட்டடங்களில் கேட்பார்கள். கணக்கில் இருப்பது என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இது: "பாப்பா, அந்த வார்த்தை பயத்துக்கும் பொருந்தும், மதிப்புக்கும் பொருந்தும். எதனால கணக்குல எடுத்துக்கறாங்கன்னு நீதான் அடுத்த வாக்கியத்துல எழுதணும்." அவள் எழுதிக்கொண்டு போனாள். நம் சமூகத்துக்கும் அதே பதில்தான். பிரமுகர் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாவது வாக்கியத்தை நாம் இன்னும் எழுதவில்லை.

எண்ணிக்கை என்று பேச்சு வந்ததால் உண்மையான எண்ணிக்கைக்கு வருகிறேன். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் இந்தியா முழுவதிலும் சுமார் 6 கோடியே 90 லட்சம். மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 5 லட்சம். நாம் மேடையில் சொல்லிக்கொள்ளும் எண் இதைவிட எப்போதும் பெரியது. ஒருவேளை நாம் சொல்வதே சரியாக இருக்கலாம். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில், சொன்னவர்கள் மட்டும்தான் சேர்த்தி. சொல்லாதவர்கள் ஒப்புக்குச் சப்பாணி.

ஏன் சொல்லாமல் போகிறோம்? கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கிறார். வீட்டுக்காரர் அவசரத்தில் இருக்கிறார். "பசங்க இந்திதான் பேசுவாங்க, அதையே எழுதிக்கோங்க" என்கிறார். சிலர் பெருமையாக இங்கிலீஷ் என்று எழுதச் சொல்கிறார்கள். விதி அப்படி இல்லை. குழந்தைப் பருவத்தில் தாய் தன் பிள்ளையிடம் பேசிய மொழிதான் தாய்மொழி என்று கணக்கெடுப்பின் விளக்கம் சொல்கிறது. பேச வராத கைக்குழந்தைக்குத் தாய் வழக்கமாகப் பேசும் மொழியே பதிவாகும். பிள்ளை எந்த மொழியில் சிநேகிதர்களோடு சண்டை போடுகிறான் என்பது வேறு. அதற்கும் படிவத்தில் இடம் உண்டு. தெரிந்த வேறு மொழிகள் இரண்டைத் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். மராத்தியும் இந்தியும் அங்கே கௌரவமாக உட்காரலாம்.

அந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய முடிவை நினைவூட்ட விரும்புகிறேன். 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு தீர்மானம் செய்தார்கள். வட்டார மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகள் ஒரு பள்ளியில் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால், ஆரம்பக் கல்வி நிலையில் அவர்களுடைய மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியில் தாய்மொழி வழி வசதி செய்ய மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது அது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகள் நடத்தி வந்திருப்பதும் இந்த வழியில்தான்.

கவனியுங்கள். இந்த ஏற்பாடு நம்மிடம் பலத்தைக் கேட்கவில்லை. ஊர்வலத்தையோ கடையடைப்பையோ கேட்கவில்லை. பத்துப் பிள்ளைகளைக் கேட்கிறது. வார்த்தைக்கு வார்த்தை அதுதான் 'ரெகன்ட் வித்'. பத்துப் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் நம்மைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்பதாகக் குறைந்தால் எடுக்க வேண்டியதில்லை. விழாவில் ஆயிரம் பேர் கைதட்டினாலும் அந்தப் பத்தாவது பெயருக்கு ஈடாகாது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் வரும். சங்கக் கூட்டங்களில் நானே கேட்டிருக்கிறேன்.

ஒன்று: "எல்லாரும் இங்கிலீஷ் மீடியத்துக்கு ஓடற காலத்துல தமிழ் மீடியம் யாருக்கு சார் வேணும்? பையன் எதிர்காலம் என்ன ஆகறது?" அந்தக் கவலையை நான் கேலி செய்யமாட்டேன். பெற்றவர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. ஆனால் தமிழ் வழிப் பள்ளி வேண்டாம் என்பதும் தமிழே வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. இங்கிலீஷ் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் சங்கத்து வகுப்பு இருக்கிறது. அங்கேயும் இதே கணக்குதான். ஐந்து பிள்ளைகள் வந்தால் ஆசிரியை இரண்டு மாதத்தில் சோர்ந்துபோவார். இருபது பிள்ளைகள் வந்தால் இன்னொரு ஆசிரியை தானாக முன்வருவார். தமிழ் வழிப் பள்ளியையே நம்பியிருக்கும் ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் பிள்ளைக்குத் தேவையில்லை என்பதற்காக அந்தப் பள்ளியைப் பற்றிய கவலையையும் விட்டுவிடலாமா?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. "எண்ணிக்கை, எண்ணிக்கைன்னு பேசறதே வம்பு. இருக்கற இடம் தெரியாம இருந்துட்டுப் போயிடணும். மறுபடியும் பட்டியல் போட ஆரம்பிச்சா?" 60-களைப் பார்த்த தலைமுறையின் குரல் இது. என் தகப்பனார் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். அவர்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்வேன். அச்சத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் இடத்தில் மற்றவருக்கு நஷ்டம் உண்டு. தாய்மொழியைப் படிவத்தில் சொல்வதால் எந்த மராட்டியக் குழந்தைக்கும் ஓர் எழுத்துகூடக் குறையாது. அதோடு, நல்ல மராத்தி பேசும் தமிழனைப் பட்டியல் போட்டுத் துரத்துவது கஷ்டம். இந்த ஊர் மொழியை வாயாரப் பேசுவதும், நம் மொழியை வெட்கமில்லாமல் சொல்வதும் ஒரே கண்ணியத்தின் இரு கைகள். மாட்டுங்கா காய்கறிச் சந்தையில் பூக்காரியிடம் மராத்தியிலும் பக்கத்து வீட்டு மாமியிடம் தமிழிலும் மாறி மாறிப் பேசும் நம் பெண்களுக்கு இது எப்போதோ கைவந்த கலை.

ஒளிந்து வாழ்ந்தால் பாதுகாப்பு என்பதும் அனுபவத்தில் சரியாக இல்லை. மடித்து வைத்த பத்திரிகையால் என் தகப்பனாரை யாரும் மராட்டியர் என்று நினைத்துவிடவில்லை. அலுவலகத்தில் அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது அவர் எழுதிய கணக்குப் புத்தகம். கலவர நாட்களில் வாசலில் வந்து நின்று, "ஐயர், உள்ளே இருங்க, நாங்க இருக்கோம்" என்று மராத்தியில் சொன்னவர்கள் எதிர் வீட்டு மராட்டியர்கள். அவர்களுக்கு நாங்கள் யார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் வந்து நின்றார்கள்.

எனவே நம் சங்கத்து அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். 2025 ஜூனில் வெளியான அரசு அறிவிக்கை, அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் குறித்திருக்கிறது. கணக்கெடுப்பாளர் கேட்கும்போது வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தாய்மொழி தமிழ் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கைக்குழந்தையையும் விட்டுவிடாதீர்கள். தெரிந்த மொழிகளில் மராத்தியைச் சொல்லுங்கள். சொல்லும் அளவுக்குத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளியோ தமிழ் வகுப்போ இருந்தால், இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் என்று ஒரு முறை போய்க் கேளுங்கள். எட்டாக இருந்தால் இன்னும் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மூன்றாவதாக, பிரதம விருந்தினர் நம்மை 'ஃபோர்ஸ்' என்று சொல்லி முடித்ததும், கைதட்டுவதற்கு முன்னால் சங்கச் செயலாளர் எழுந்து ஒரு மனுவை அவர் கையில் கொடுக்கட்டும். அதில் பள்ளியின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடம் ஆகிய மூன்று விவரம் போதும்.

அவர் அதை வாங்கிப் படித்துப் பதில் சொன்னால், நம்மைக் கணக்கில் எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு கைதட்டலாம்.